மூன்றாவது சிலிண்டர்

விற்றுவிடு என்றான் தோரோன்பெக்.
இரும்பு விலைக்குப் போகும், கிலோ பதினெட்டு சோம்.
மாஸ்கோவில் பதினாலு பேர் படுக்கும் அறையிலிருந்து
இதைச் சொல்ல அவனுக்கு
வாரத்தில் ஒரு ஞாயிறு இருந்தது.

மிச்ச ஆறு நாளும் என்னுடையவை.

கணவாயைப் பனி அடைக்கும் முன்
காரா-கெச்சேயில் நிலக்கரி ஏற்றினால் மாவு,
ஏற்றாவிட்டால் கடன்.
லாரியின் முகப்பைத் திறந்தால் உள்ளே பள்ளம்:
எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்
குடித்துக் குடித்தே வீட்டை அழித்துவிட்டு
போன வசந்தத்தில் செத்தது.

கூட்டுப்பண்ணை டிராக்டரின் பிளாக்கைப்
பனிச்சறுக்குப் பலகையில் இழுத்து வந்தேன்.
அதற்குள் கோழி முட்டையிட்டிருந்தது.
முட்டையை வறுத்துத் தின்றுவிட்டு
வேலையைத் தொடங்கினான் சாத்கின்,
ஒரு காது கேட்காத வெல்டர்,
ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைத் தாடையில் அழுத்தி
என்ஜினை எலும்பால் கேட்பவன்.

மூன்று பிஸ்டன் மின்ஸ்க் பெட்டியில் வந்தவை.
நாலாவது எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை,
விற்றவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை.
அக்ரூட் நிறுக்கும் தராசில் வைத்தோம்:
பதினெட்டு கிராம் அதிகம்.
உள்பக்கம் ராவி ராவி நிறுத்தோம்,
ராவிய தூள் என் தேநீரிலும் மினுங்கியது.

அறுவடை இயந்திரத்தின் ஸ்டார்ட்டர்.
சுரங்கத்துச் சரிவுத்தகட்டை அறுத்து
என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு தட்டு,
பதினாலு துளை, இரண்டு கோணல்.
சீன போல்ட்டுகள் மட்டும்
முதல் மூன்று சுற்றுக்குத் தலையாட்டிவிட்டு
நாலாவதில் முரண்டு பிடித்தன.
பருமன் ஒன்றுதான், புரி வேறு.
சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல
எண்ணெய் தடவிப் பார்த்தேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன்.
கடைசியில் புதிதாய்ப் புரி வெட்டினோம்.

சனிக்கிழமை இருட்டிய பிறகு
இருமியது. நின்றது. இருமியது.
பிறகு பட்டியில் ஆடுகள் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கும்படி
ஓடியது.

ஞாயிறு அவன் அழைத்தபோது நான் பேசவில்லை.
போனை வால்வு மூடியருகே பிடித்தேன்.
அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும்
யாரையோ இவன் வாயடக்குவதும் கேட்டது.
வெகுநேரம் கழித்துச் சொன்னான்:
‘மூன்றாவது அடிக்கவில்லை.’
யார் பணம் என்று கேட்கவில்லை.
ஏன் விற்கவில்லை என்றும்.

பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்.
டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்தவேண்டும்,
எந்த வாயை மூடினால் சத்தம் குறையவில்லையோ
அது முன்பே ஊமை.
அவன் சொன்னதால் மூன்றாவதில் தொடங்கினேன்.
என்ஜின் முட்டி மடங்கித் தள்ளாடியது.
பாவம், நன்றாகத்தான் உழைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதைத் தளர்த்தினேன்.
ஒன்றும் மாறவில்லை.

சாத்கின் சிரித்தான்,
கேட்கும் காதைக் கையால் பொத்திக்கொண்டு.

இன்ஜெக்டருக்குள் ஊசி ஒட்டிக் கிடந்தது.
மாற்ற வேறு இல்லை.
டீசலில் ஊறப்போட்டு, தீக்குச்சி முனையால் சுரண்டி,
விடியும்போது
என் விரல்களில் நகம் எது கரி எது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கேட்டான்:
‘மூன்றாவதைப் பார்த்தாயா?’

பார்த்தேன் என்றேன். பொய்யில்லை.

முதுகில் ஐந்து டன் நிலக்கரி.
கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியர்.
பனி விழத் தொடங்கியிருந்தது.
வைப்பர் ஒரு லாடா காருடையது,
பாதிக் கண்ணாடிக்குத்தான் எட்டும்.
அந்தப் பாதிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.