ஏலாது

மார்ச் மாதத்து மொன்றியலில்
சேர்ச்சின் ஞானஸ்நானத் தொட்டிக்குச்
சுடுதண்ணி வரவில்லை.
போதகர் ஜெபரட்ணம் கையை விட்டுப் பார்த்து
"இன்னும் பத்து நிமிஷம், சிஸ்டர்" என்றார்.
வெள்ளை அங்கியோடு, வெறுங்காலோடு
வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.
அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவன் வந்தான்.

தொண்ணூற்றாறு. அகதி விசாரணை. எட்டாம் மாடி.
பெயர் தவபாலன். வயது இருபத்து நாலு.
அவன் வாயை அவர்களின் காதுக்குக்
கொண்டுபோவது என் வேலை.
மணிக்கு இருபத்திரண்டு டொலர், பார்க்கிங் தனி.

ஊர்ப் பெயரைச் சொன்னான்.
என் சின்னண்ணனை ஏற்றிப்போன வான்
அந்த ஊர் வான்.
அவனா ஓட்டினான்? இல்லை.
அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.
அதையும் அந்தக் கதிரையிலேயே கணக்குப் பார்த்தேன்.
பார்த்த பிறகும்.

"திரும்பிப் போனால் என்ன?" என்று கேட்டார்கள்.
"ஏலாது" என்றான்.
"விருப்பமில்லை" என்று கொடுத்தேன்.

ஒலிநாடாவில் இரண்டு சொல்லும் இருந்தன.
கேட்க ஆளில்லை.
ஜூனில் அவனை ஏற்றி அனுப்பினார்கள்.
ஒக்டோபரில் மரண அறிவித்தல்,
தலைப்பெழுத்துப் பிழையோடு.

பதினாறு வருஷம் கழித்து
நடந்ததை எழுதி, கையொப்பமிட்டு அனுப்பினேன்.
கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று
இரண்டு மொழியிலும் பதில் வந்தது.
இரண்டிலும் ஒரு பிழையில்லை.

கழுவியாயிற்று, கறைகூட மிச்சமில்லை
என்கிறார் போதகர்.
நம்புகிறேன். அதுதான் பயம்.
வகுப்பில் ஒருநாள் கேட்டேன்:
நான் உள்ளே என்றால், அவன்?
நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இருந்தவன்.
போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
"அது ஆண்டவருடைய கையில்" என்றார்.
பொய் சொல்லத் தெரியாத மனுஷன்,
அதோடு விட்டார்.

கள்வன் ஒருவனுக்குக்
கடைசி மணித்தியாலத்தில் கதவு திறந்தது. சரி.
அவனிடம் பறிகொடுத்த வீட்டுக்காரர்களும்
அந்தக் கூட்டத்துக்குள் நின்றிருப்பார்களே.
அவர்களை யார் கேட்டது?

மரித்தோர் எழும்பும் நாளில்
மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதாம்.
அவன் சொல் அவன் வாயிலிருந்து
நேரே போய்ச் சேரும்.
நான் அவனிடம் கேட்க இருப்பது ஒன்றே ஒன்று.
அதற்கு அவன் "ஏலாது" என்று சொல்லலாம்.
"விருப்பமில்லை" என்றும் சொல்லலாம்.
இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்
வேறு யாரையும்விட எனக்குத் தெரியும்.
ஒரு வழி விமானச் சீட்டு.

யாரோ கேத்தலில் கொதிதண்ணி கொண்டுவந்து
தொட்டிக்குள் ஊற்றினார்கள்.
ஒரு முழத்துக்கு ஆவி எழும்பி அடங்கியது.

போதகர் கையை நீட்டினார்.
"இறங்க ஏலுமோ, சிஸ்டர்?"

முழங்கால்வரை இறங்கிய பிறகுதான்
பதில் சொன்னேன்.