பாக்கிச் சுவர்

பூச்சு முடிந்து பத்தொன்பதாம் நாள்
கூப்பிட்டார் கண்டக்டர் ஜெயவீரன்.
நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே
பிளாட் போட்ட சோளக்காட்டில்
கதவு மாட்டாத வீடு.
ஆவணியின் கடைசி முகூர்த்தம்.
செல்லூர் வீட்டுக்காரன் வைத்த கெடுவும் அதுதான்.

நான் முதலில் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை.
பால் கவரை அறுத்து விரித்து
நாலு ஓரமும் டேப் ஒட்டி
அறைக்கு ஒன்றாய்ச் சுவரில் விட்டுவிட்டு
வீட்டுக்குப் போய்விடுவேன்.
காலையில்
கவருக்கு உள்ளே முத்து முத்தாய் நின்றால்
வேளைக்கு வேளை குடித்த போர்த் தண்ணீரை
சுவர் இன்னும் விடவில்லை.

முன்கூடத்தில் காய்ந்திருந்தது.
சமையலறையில் லேசாக ஒரு மங்கல்.
வடக்கு அறையில்
ஒழுகியே விட்டது.

"ஃபேன் வச்சா காயாதா?"
"மேலே காயும் சார்.
உள்ளே இருக்கிறது ரெண்டு மாசத்துல
பெயிண்டைத் தள்ளிக்கிட்டு வரும்,
அம்மை போட்ட முதுகு மாதிரி."
பாக்கெட் காலண்டரைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
நாள் கூடிவிடும்போல.

சாப்பாட்டு நேரத்துக்கு அமுதவல்லி வந்தார்.
பதினோரு வருஷம்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே
மாவு அரைத்து விற்ற உடம்பு.
வடக்கு அறைக்குப் போனவர் திரும்பவில்லை.
எட்டிப் பார்த்தேன்:
சிமெண்ட் சாக்கை விரித்து உட்கார்ந்து
அந்தச் சுவரில் முதுகை முழுசாய்ச் சாத்திக்
கண்ணை மூடியிருந்தார்.
"இதை விட்டுருங்க தம்பி."
எழுந்தபோது ரவிக்கையெல்லாம் சாம்பல் பொடி.

விட்டேன்.
மற்றதெல்லாம் உப்புத்தாள் போட்டு
பிரைமர் ஒரு கை, சந்தன நிறம் ரெண்டு கை.
கொத்தனாரின் மணல் கணக்கு,
சித்தாள் ஒருத்தியின் மூணு நாள் கூலி,
யாரோ கரியால் வரைந்த மீன்,
ரோலருக்குக் கீழே ஒவ்வொன்றாய்ப் போயின.
மீனைக் கடைசியாக அடித்தேன்.
ஏனென்று தெரியவில்லை.

பால் காய்ச்சிய அன்று
வடக்கு அறை வாசலில் பெட்ஷீட் தொங்கியது.
ஐயர் கேட்டதற்கு, "சாமான் ரூம்" என்றார் கண்டக்டர்.
எனக்கு ஆயிரத்து எண்ணூறு பாக்கி.
"கார்த்திகையில வந்து அதையும் முடிச்சிருங்க."

கார்த்திகை போச்சு. தை போச்சு.
மாசியில்
செக்கானூரணிக்கு ஒரு வேலையாய்ப் போகும் வழியில்
வண்டியைத் திருப்பினேன்.

எலும்பாய்க் காய்ந்திருந்தது சுவர்.
அடியில் ஒரு சாண் உயரத்துக்கு
உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது.
அதற்கு மேலே கரியும் பென்சிலுமாய்
பால் கணக்கு,
கேஸ் புக் பண்ணிய தேதி,
மாவுக்குக் காசு தராத ஏழு வீடு,
மகன் எழுதிய பதிமூன்றாம் வாய்பாடு
பாதி வரைக்கும்,
ஒரு போன் நம்பர், பேர் இல்லாமல்.

"நோட்டு வாங்கினா தொலைஞ்சுபோகுது" என்றார் அமுதவல்லி.
"அடுத்த வருஷம் பார்ப்போம்."

ஜன்னலுக்குப் பக்கத்தில்
கொஞ்சம் பெரிய எழுத்தில் நானும் இருந்தேன்:
பெயிண்டர் காசிலிங்கம் 1800.
அடிக்கோடு வேறு.

எழுத்துக் கலையாமல் ஓரமாய்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
துளி ஈரம் இல்லை.
அடிக்கலாம். இன்றைக்கே அடிக்கலாம்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.