எட்டு ஓம்

சாட்ஸ்வொர்த்தில் என் வீடும் திலோஷினி வீடும்
ஒரே சுவரை
ஆளுக்கொரு பக்கம் உடுத்தியிருக்கின்றன.
சுவருக்கும் காதுண்டு என்பார்கள்.
இந்தச் சுவருக்குக் காது மட்டுமா,
இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து
பகல் பத்து மணிக்குக் கண்ணயரப் பார்க்கும்
ஒரு நர்சின் முழுத் தலையே உண்டு.

என் ஆம்ப் ஐம்பது வாட்.
மூடிப்போன கடற்கரை ஹோட்டல் ஒன்றின் ஏலத்தில் எடுத்தது,
தூக்க இரண்டு பேர் வேண்டும்.
மூன்று சின்ன வால்வு, இரண்டு பெரிய வால்வு.
குமிழை இரண்டில் வைத்தால்
வங்கிக் கவுண்டரில் நிற்பவளைப்போல் பேசும்.
ஏழைத் தாண்டினால்தான் அதற்குச் சொந்தக் குரல்:
அந்தக் கரகரப்பு,
விரலை எடுத்த பிறகும் விட்டுப்போகாத முனகல்.
ஏழைத் தாண்டினால்
திலோஷினியின் அலமாரியில் டம்ளர்கள் நடக்கும்.

அவள் சண்டைக்கு வரவில்லை.
வந்திருந்தால் சுலபம்.
டூட்டி அட்டவணையை நகலெடுத்து
மாங்காய் ஊறுகாய் பாட்டிலின் அடியில் வைத்துக்
கொடுத்துவிட்டுப் போனாள்.

கீசர் பழுதுபார்க்கும் பூபாலன்தான்
பெட்டியைச் செய்து தந்தான்.
ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்காரும்.
உள்ளே பீங்கான் மின்தடைகள்,
வெளியே அலுமினியச் செதில்கள்.
"ஆம்ப் முழுத் தொண்டையில் கத்தும் அக்கா.
இது வாங்கித் தின்றுவிடும்.
சிந்தியதுதான் ஸ்பீக்கருக்கு."
அட்டெனுவேட்டர் என்று பேர் சொன்னான்.
நான் தீனிக்காரி என்று வைத்துக்கொண்டேன்.

"எட்டு ஓமுக்கு எட்டு ஓம், மாற்றிவிடாதீர்கள்."
பக்கத்தில் நின்ற என் கணவர் தனசீலன்
கண்ணை மூடிக் கைகூப்பினார்,
எட்டு தடவை சொல்ல வேண்டுமாக்கும் என்று.
பூபாலன் சிரிக்கவில்லை.
"சுமை இல்லாமல் ஸ்விட்சைப் போடவே கூடாது.
வாங்கிக்கொள்ள எதிரே ஒன்றும் இல்லையென்றால்
உள்ளேயே சுழன்று
டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும்."
தனசீலன் என்னைப் பார்த்தார்.
பிறகு காரைக் கழுவப் போனார்.

பொய் சொல்ல மாட்டேன், அதே சத்தம் இல்லை.
மேல் ஸ்வரங்கள் மழுங்குகின்றன.
வயிற்றில் காற்று வந்து முட்டுவதில்லை.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
ஆனாலும் அந்த முனகல் இருக்கிறது,
தீப்பெட்டிக்குள் போட்ட புலி.

ஜூலை. மாலை ஆறரை.
இந்த நாட்டில் மின்வெட்டுக்கு லோட் ஷெட்டிங் என்று பேர்.
சுமையை இறக்குகிறார்களாம்;
யார் தலையில் என்று சொல்வதில்லை.
கரண்ட் வந்ததும்
சோற்றுக்கு அரிசி போடாமல்
வால்வுகள் சிவக்கக் காத்திருந்தேன்.
முக்கால் மணி நேரம்,
வாய்க்கால் கரை வரைக்கும் கேட்க வேண்டியதை
என் முழங்காலுக்கு மட்டும் வாசித்தேன்.

கதவைத் தட்டாமல் திலோஷினி வந்தாள்,
சீருடையில், தீக்குச்சி கேட்டு.
அவள் வீட்டில் மட்டும் ஃபியூஸ் போயிருந்தது.
"வாசிக்கிறாயா? ஒன்றும் கேட்கவில்லையே."
தரையில் உட்கார ஊன்றிய கை
பெட்டியின்மேல் பட்டது.
சட்டென்று எடுத்தாள்.
திரும்ப வைத்தாள்.
இன்னொரு கையையும் வைத்தாள்.
"என்னடி இது, வெந்நீர்ப் பை மாதிரி?"

"நீ கேட்காத சத்தம்," என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
நாளெல்லாம் குளிர்ந்த குழாயில்
கழுவிக் கழுவி வெடித்த விரல்கள்,
அவற்றை ஒவ்வொன்றாகச் செதில்களுக்கு நடுவே நுழைத்தாள்.
டூட்டிக்கு இருபது நிமிடம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கத்து," என்றாள்.
"நுனிக்கு வரவில்லை."

குமிழை ஏழிலிருந்து ஒன்பதுக்குத் திருப்பினேன்.
ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் தர
அன்றும் மறந்துபோனது.