செவ்வாய்க்கிழமைத் திறப்பு

இரண்டு கிழமைக்கு ஒருக்கால்
சலவை அறைத் திறப்பு எங்கள் கைக்கு வரும்,
காலை ஏழிலிருந்து இரவு எட்டு மட்டும்.
இந்தமுறை நத்தாருக்கு இரண்டு நாள் முன்.

ஓல்ட்டனில் மூடுபனி இறங்கி ஒன்பது நாள்.
ஆரே ஆறு இன்னும் அங்கேதான் என்று
வாத்துகள் கத்தித்தான் தெரிகிறது.
பள்ளிக்கூடம் பூட்டி நாலாம் நாள்.
மூன்றாம் மாடியில்
ஒரேயொரு சறுக்குப் பலகைக்கு
யதுகுலனும் அகரனும் அடிபடுகிறார்கள்.
பனியே விழவில்லை.
கருணிகா சோபாவுக்குக் கீழே புத்தகத்தோடு.
சின்னவள் ஈழிசை கழிப்பறைக் கதவில் சாய்ந்து
"அம்மா, உள்ளுக்கு என்ன செய்யிறீங்கள்?"
திரும்பவும்
"அம்மா, உள்ளுக்கு என்ன செய்யிறீங்கள்?"

குழாயைத் திறந்துவிட்டு
சத்தமில்லாமல் சத்தியெடுக்கிறேன்.

நிலவறைக்கு வந்தால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.
கூடையைக் கவிழ்த்து அதில் இருக்கிறேன்.
வட்டக் கண்ணாடிக்குள்
ஏழு பேரின் கைகளும் கால்களும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுழல்கின்றன.
போன வியாழன் டாக்டர் காட்டிய திரையிலும்
மூடுபனிதான். அதற்குள்
ஒரு மொச்சைக்கொட்டை, துடித்துக்கொண்டு.
எத்தனையாவது என்று கேட்டாள்.
ஒரு கையை முழுதாய் விரித்து
மற்றக் கையில் பெருவிரலை மட்டும் உயர்த்தினேன்.
கணக்குப் பிழைத்த பிள்ளைபோலச் சிரிப்பும் வந்தது.

முழுகாமல் இருக்கிறேன்.
எல்லாம் முழுகி எழும்புகிற அறையில்
அந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
மெஷின் தண்ணீரை மாற்றியது.

தயாபரன் மலையில், ஹோட்டல் குசினியில்.
பண்டிகைக் காலம், லீவு கிடையாது,
தை இரண்டாம் தேதிதான் கீழே இறங்குவார்.
தொலைபேசியில் சொன்னேன்.
கன நேரம் கோப்பைகள் மட்டும் கழுவுப்பட்டன.
பிறகு, "சரி. நீ சாப்பிட்டியா?"
அதைக் கோபமாக எடுப்பதா
வேறு எதுவாக எடுப்பதா என்று
மூன்று இரவாய்ப் புரட்டிப் பார்க்கிறேன்.

வைகாசியில்தான்
தொட்டில், குட்டிச் சப்பாத்து, கம்பளித் தொப்பி எல்லாம்
ஆராவ் சுகிர்தாவுக்குக் கட்டிக் கொடுத்தேன்.
"இனி இந்தக் கடை பூட்டு" என்று
அவளுடைய வாசலில் நின்று பகிடி வேறு.
இனி அவளிடம் எப்படிப் போய்க் கேட்கிறது?

கீழ்வீட்டுத் திருமதி கெர்பர்
எங்கள் பிள்ளைகளுக்கென்று கறுவா நட்சத்திரங்கள்
தாளில் சுற்றித் தந்தார். ஐந்து, எண்ணி.
ஒன்றை இங்கேயே தின்றுவிட்டேன்.
காலையிலிருந்து வயிற்றில் தங்கிய முதல் சாப்பாடு.
நான் தின்றேனா, அது தின்றதா.

மிச்சத் துணியோடு இறங்கி வந்தாள் நிலாங்கி.
பதினாலு வயது. அவிழ்ந்த தாளைப் பார்த்தாள்.
நாலு நட்சத்திரம்.
என் சட்டையில் ஒட்டியிருந்த சீனித்தூளைப் பார்த்தாள்.
"எனக்கு வேண்டாம், சின்னாக்களுக்குக் குடுங்கோ."
பிறகு, முகத்தைத் திருப்பி,
"நீங்கள் கோப்பி குடிச்சு ஒரு மாதமாகுது."

மெஷின் கடைசிச் சுற்றில் அதிர்ந்தது.
நான் வாய் திறக்கக் காத்திருந்தவள்போல
அது நின்றதும் சொன்னாள்:
"பதினைஞ்சில எனக்குத் தனி அறை எண்டு
அப்பா சொன்னவர்."
"ஓம்" என்றேன்.
அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

போர்வைகளை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்து
உதறினோம், மடித்தோம்,
நடுவில் வந்து சந்தித்தபோதெல்லாம்
அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.
ஈரக் கூடையை நான் தொடுமுன் தூக்கிக்கொண்டு
படியேறினாள், இரண்டிரண்டு படியாய், கோபமாய்.

எங்கள் படிக்கட்டு விளக்கு
ஒரு நிமிடத்தில் தானாக அணையும்.
முதல் மாடியில் மூச்சு வாங்கி நின்றேன்,
இருட்டியது.
மேலே எங்கேயோ கூடையை இறக்கி வைக்கும் சத்தம்.
அவள் விளக்கைப் போட்டாள்.
இரண்டாம் மாடிக்குக் கிட்டவும் இருட்டியது.
திரும்பவும் போட்டாள்.
ஒன்றும் பேசவில்லை.