இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக் காசு போடவேண்டும்.
ஏற இருபது தெத்ரி. இறக்கிவிடுவது இலவசம்.
திபிலிசியில் பழைய கட்டடங்கள் பலவும் இப்படித்தான்.
பதினொரு வருடம் அதற்கு நான் தம்பிடி தந்ததில்லை.
நான்காம் மாடி, எழுபத்திரண்டு படி,
இரண்டிரண்டாய்த் தாண்டி
சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறியவன்.

இப்போது நான் வருவதை
சட்டைப்பைச் சில்லறை முதலில் சொல்கிறது,
பிறகு தடி,
பிறகுதான் நான்.

அதை வாங்கப் போனபோது
"அப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
"என்ன உயரம்?"
என் உயரம்தான்.
"மணிக்கட்டு ரேகை வரை வரணும், உங்கள் கையைத் தொங்கவிடுங்கள்."
தொங்கவிட்டேன்.
துளை துளையாகக் குமிழை இறக்கி
அளவெடுத்துக் கொடுத்தார்
முப்பத்துமூன்று வயது அப்பாவுக்கு.

நோவு இடது இடுப்பில்.
தடி வலது கையில் என்றார் டாக்டர் கேத்தோ.
வலிக்கிற பக்கத்துக்கு
எதிர்ப்பக்கம்தான் தாங்கவேண்டுமாம்.
ஒரு வாரம் உடம்புக்குள் வழக்கு நடந்தது:
கோல் முன்னே, கால் பின்னே,
கால் முன்னே, கோல் எங்கேயோ,
சந்தைக்கு நடுவில் நான்
எந்தக் காலை எடுப்பது என்று மறந்து நின்றேன்.

எங்கே சாய்த்தாலும் விழுகிறது.
வங்கியில். ரொட்டிக்கடையில்.
நாடகத்தில், கதாநாயகி மூச்சைப் பிடித்த அந்த இடத்தில்.
குனிந்து எடுக்கலாம்தான்,
ஊன்றிக் குனிய ஒரு தடி இருந்தால்.

"பனிச்சறுக்கா?" என்கிறார்கள் மெட்ரோவில்.
ஆமாம், குதாவுரியில், செங்குத்துச் சரிவு.
டாக்ஸிக்காரரிடம் மோட்டார்சைக்கிள்.
மருந்துக்கடைப் பெண்ணிடம் குதிரை.
நான் வாழாத வாழ்க்கைகள் எல்லாவற்றிலிருந்தும்
விழுந்து எழுந்திருக்கிறேன்.

நல்ல நாட்கள் வரும். சிக்கல் அவற்றில்தான்.
தடியில்லாமல் குப்பைப்பையோடு இறங்குகிறேன்,
இரண்டாம் மாடி லமாரா ஜன்னலில்.
நேற்று மூன்று கால், இன்று இரண்டு.
திருடிய பொருளோடு பிடிபட்டவன் போல
கொஞ்சம் நொண்டிக் காட்டுகிறேன்.

ஸ்வியாதின் பிறந்தநாள் விருந்தில்
இறந்தவர்களுக்கான கோப்பை வந்தது.
எல்லோரும் எழுந்தார்கள்.
"நீ உட்காரு வாஷா, நீ உட்காரு."
தோளில் மூன்று கைகள். அன்புதான்.
அன்பு அவ்வளவு கனக்கும் என்று தெரியாது.
பெல்ட் கொக்கிகளின் வரிசைக்குக் கீழே
உட்கார்ந்தபடி
என் அண்ணனுக்காகக் குடித்தேன்.
அவனுக்காவது நின்றிருக்கலாம்.

மார்ச் மாதம், முற்றமெல்லாம் சேறு.
எரெக்லேயின் பந்து
ஒரு பழைய ஓப்பல் வேனுக்கு அடியில் போய்விட்டது.
எட்டு வயது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை,
எப்போ சரியாகும் என்றும் கேட்கவில்லை.
"மாமா, அதைக் கொடு" என்று கை நீட்டினான்.

கொடுத்துவிட்டு வேனில் சாய்ந்துகொண்டேன்.
எஞ்சின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.
பந்து வந்தது.
கூடவே ஒரு குழந்தைச் செருப்பு வந்தது.
அவ்வளவுதான், பயலுக்கு ருசி பிடித்துவிட்டது,
வரிசையில் நின்ற ஒவ்வொரு காருக்கடியிலும்
மண்டியிட்டுத் துழாவிக்கொண்டே
தெருமுனை வரை போய்விட்டான்.

நான் அங்கேயே நின்றேன். வேறு வழி?
இத்தனை மாதம் வீட்டில் மறந்துவைக்கப் பார்த்த பொருளை
முதல்தடவையாக
எப்போ வரும், எப்போ வரும் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைப்பிடியெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தது.
லிஃப்டுக்கு முன்னால் பையைத் துழாவினால்
பத்து தெத்ரிதான் இருக்கிறது.
"எரெக்லே" என்றேன். "வாடகை."
பையிலிருந்து ஒரு சூயிங்கம், ஒரு திருகாணி,
ஒட்டிப்போன பத்து தெத்ரி எடுத்தான்.
காசைக் கொடுத்துவிட்டு
யோசித்துச் சொன்னான்:
"நாளைக்கும் வேணும்."