ஆற்றைப் பார்த்த மேசை

பாஸ்காப் பூசை முடிந்து வீடு சேர மணி இரண்டு.
புடவைக் கொசுவத்தில் மெழுகு இரண்டு சொட்டு.
"காகிதம் வச்சு இஸ்திரி போடு, வந்துரும்"
என்றாள் நாத்தனார் அமலோற்பவம்
தூங்கிக்கொண்டே.

பதினோரு மணிக்கு அதே புடவையில்
கூவம் ஓரத்துப் பழைய ஓட்டலில் நிற்கிறோம்.
ஃபெலிக்ஸின் கம்பெனி கொடுத்த கூப்பன்:
இருவருக்கு இலவசம்.
மூன்றாம் ஆளுக்கு இரண்டாயிரத்து எழுநூறு, வரி தனி.
எட்டு வயதுக்குள் பாதி.
ஷெரினுக்கு ஒன்பது.
ஏழு என்று சொல்லச் சொல்லி வைத்திருக்கிறோம்,
உயிர்ப்பு ஞாயிறும் அதுவுமாய்.

"ரிவர் வியூ வேணுமா மேடம்?"
வேண்டும் என்றோம்.
கண்ணாடிக்கு மூக்கில்லை;
இங்கிருந்து பார்த்தால் கூவமும் ஒரு நதி.
மிதக்கும் தெர்மாகோல் மேல்
ஒற்றைக்காலில் ஒரு கொக்கு
எங்களைப் போலவே
எதையும் தொடாமல் நிற்கிறது.

நாற்பது நாள் கறி படாத வாய்.
எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
முதல் தட்டில் தயிர்சாதம் எடுத்து வந்தேன்.
ஃபெலிக்ஸ் இறாலை எண்ணித் தின்றார்:
"பதினெட்டு போனா மூணாம் ஆள் காசு வந்துரும்."
காசிமேட்டில் ஏலம் கூறும் அமலோற்பவம்
ஐஸ் மேல் படுத்திருந்த வஞ்சிரத்தின்
செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
தொப்பி வைத்த பையன் பதறினான்.
"பெரிய வெள்ளிக்கு முன்னாடியே செத்தது தம்பி.
இது இனி எந்திரிக்காது."

அப்போதுதான் முயல் வந்தது.
ஆறடி முயல். ரோஸ் நிறக் காது.
கூடையில் சாக்லேட் முட்டைகள்.
ஈஸ்டருக்கு அது என்ன முறை என்று
எங்கள் பங்கில் யாரும் சொன்னதில்லை.
முட்டை வாங்கப் போன ஷெரின்
முகம் சுருங்கித் திரும்பினாள்.
"அம்மா, முயல் அழுவுது.
கழுத்துலேர்ந்து தண்ணி சொட்டுது."

சமையலறைப் படிக்கட்டுக்குப் பின்னால்
கவிழ்த்த பால் டிரே மேல் உட்கார்ந்திருந்தது.
தலை மடியில்.
தலை இருக்கவேண்டிய இடத்தில்
எங்கள் இன்ஃபன்ட்.
நேற்று இரவு விளக்கெல்லாம் அணைந்த கோயிலில்
ஒரே ஒரு திரி வெளிச்சத்தில்
பாஸ்காப் புகழுரையை முழுக்கப் பாடியவன்;
இரண்டு இடத்தில் என்னை அழ வைத்தவன்.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்கக்கா.
இங்க கணக்கு எழுதுறேன்னு சொல்லியிருக்கேன்."
சாப்பிட்டாயா என்றேன்.
"மூணு மணிக்கு மேலதான் ஸ்டாஃப் சாப்பாடு.
எனக்கு மட்டும் ஒருசந்தி இன்னும் முடியல"
என்று சிரித்தான்.
மயிர் ஒட்டிய கன்னம்.

அமலோற்பவம் யாரையும் கேட்கவில்லை.
தோட்டத்துக் கடைசியில், ஆற்றைப் பார்த்த கரி அடுப்பில்
சண்டை போட்டு
அடிப்பெட்டியிலிருந்து சங்கரா இரண்டு எடுக்க வைத்து,
நின்று, திருப்பிப் போடச் சொல்லி,
முந்தானைக்குள் மூடிக் கொண்டுவந்தாள்.

அங்கே கண்ணாடி கிடையாது.
கூவம் முழுசாய் நாறியது.
முயல் கைகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி
சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றான்.
நாங்கள் மூன்று பேர்
யாரும் பார்க்காதபடி மறைத்து நின்றோம்.
"முள்ளு, பாத்து" என்றாள்.
வேறு ஒன்றும் பேசவில்லை.

வாக்கி டாக்கி கூப்பிட்டது.
தலையை மாட்டினான். ஒரு காது மடங்கியிருந்தது.
ஷெரின் எக்கி நிமிர்த்திவிட்டாள்.

பில்லோடு வந்த பெண் குனிந்து கேட்டாள்:
"பாப்பாவுக்கு என்ன வயசு?"
"ஒன்பது" என்றாள் ஷெரின்,
கோயிலில் பதில் சொல்வது போலச் சத்தமாக.

ஃபெலிக்ஸ் பர்ஸை எடுத்தார்.
பதினெட்டு இறாலும் வீண்.
வரும் வழியெல்லாம் ஆட்டோவில்
அமலோற்பவத்தின் முந்தானையில் சங்கரா வாசனை.
நான் புடவை மெழுகை
நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன்.
ஒரு சொட்டு வந்துவிட்டது.