தெரியாது என்றால் எட்டு

ஆமாம் என்றால் ஒன்று.
இல்லை என்றால் இரண்டு.
தெரியாது என்றால் எட்டு.
திருவள்ளூரில் பதினோரு நாள் பயிற்சியில்
இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.
மூன்றிலிருந்து ஏழு வரை ஏன் காலி என்று
யாரும் கேட்கவில்லை. நானும்.

பள்ளிப்பட்டு தாண்டி, ஆற்றைத் தாண்டி,
எல்லைக்கல்லுக்கு நாற்பதடி இந்தப் பக்கம்
பதினேழாவது வீடு.
ரேஷன் அட்டை இங்கே, பட்டா நிலம் அங்கே.
எருமை பகலில் ஆந்திராவில் மேய்ந்து
சாயங்காலம் தமிழ்நாட்டில் கறக்கிறது.
எருமைக்கு என் பட்டியலில் இடம் உண்டு:
சொத்து விவரம், எத்தனை உருப்படி.

முனெம்மா தார் சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.
வயசு?
முப்பது போடு.
இந்தத் தெருவில் எல்லாருக்கும் முப்பது, இல்லையேல் முப்பத்தைந்து.
முப்பத்திரண்டில் ஒருத்தியும் வாழ்வதில்லை.
கல்யாணம்?
கிருஷ்ணாபுரம் அணை திறந்து தரைப்பாலம் போச்சே,
அதுக்கு அடுத்த தை.
வெள்ளத்தை வருஷமாக மாற்றிக் குறித்துக்கொண்டேன்.
பிள்ளைகள்?
ரெண்டு. பார்கவிக்குப் பத்து, லோகேஷுக்கு மூணு.

பிறகு அந்தக் கேள்வி.
அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும்,
குரலை ஏற்றாமல், இறக்காமல்:
பிறந்ததும் அழுத, அல்லது மூச்சு விட்ட,
சிறிது நேரமே உயிரோடு இருந்த
குழந்தை வேறு ஏதாவது உண்டா?

தார் சுற்றும் கை நின்றது.
பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும்.
தமிழில் புரியவில்லையோ என்று
என் அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன்:
ஏட்சிந்தா?

ஒண்ணு இருந்தது, என்றாள். நடுவுல.
அழுதுச்சான்னு தெரியலை.
ரெண்டு நாளா இல்லாத கரண்டு
அன்னிக்கு ராத்திரிதான் வந்துச்சு.
நாலு தறியும் ஒண்ணா ஓடுச்சு.
நிறுத்துங்கன்னு சொல்ல எனக்குக் குரல் இல்லை.
அழுதிருந்தாலும் கேட்டிருக்காது.

மேற்பார்வையாளர் தேசப்பன் தெருவிலிருந்து,
பைக்கில் சாய்ந்தபடி,
ரெண்டு போட்டுட்டு வாம்மா என்றார்.
இரண்டு என்றால் அந்தப் பக்கமே திறக்காது.
ஒன்று என்றால் ஒரு வரிசை திறக்கும்:
ஆணா பெண்ணா, எந்த மாதம்,
எத்தனை நாள் இருந்தது,
ஒரு நாளுக்குக் குறைவென்றால் பூச்சியம்.
அவர் கெட்டவர் இல்லை. இன்னும் ஐந்து வீடு பாக்கி.
நகரி மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

என் விரல் எட்டின் மேல் இருந்தது.

ஏட்சிந்தி, என்றது கதவோரம் ஒரு குரல்.
பார்கவி. வாயில் பாதி முறுக்கு.
நான்தான் டார்ச் பிடிச்சேன்.
பூனை மாதிரி. ரெண்டு தடவை.

அஞ்சு வருஷமா ஒரே பாயில படுக்கிறோம்,
இதைச் சொல்லவே இல்லையேடி.
யாரும் கேக்கலையே.

கையேட்டில் இதற்கு விதி இல்லை.
பதில் சொல்ல வேண்டியவள் தாய்.
பத்து வயதுப் பெண்ணின் காதை
எந்தக் கட்டத்தில் பதிவது?
முனெம்மாவைப் பார்த்தேன்.
அவள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்,
வெகுநேரம், ஒரு முடிச்சுக்கு அது அதிகம்.
ஒண்ணு போடு, என்றாள்.

பெயர் வைக்கவில்லை.
பெயர் இல்லையென்றால் ‘குழந்தை’ என எழுதுக.
எழுதினேன். பெண். ஐப்பசி. பூச்சியம்.

லோகேஷை எடைப் பலகையில் நிற்க வைத்தோம்.
பதினொன்று புள்ளி நான்கு.
கை அளக்கும் நாடாவில் மஞ்சள்.
அவன் அழுதது தெரு முழுக்கக் கேட்டது.

அனுப்ப சிக்னல் இல்லை.
கல்லைத் தாண்டி நூறடி நடந்தால் கிடைக்கும் என்றார்கள்.
ஆந்திராவில் ஒரு கடலைக்காட்டு வரப்பில்
டேப்லெட்டைத் தலைக்கு மேல் பிடித்து நின்றேன்.
பச்சைப் பட்டை பாதியில் நின்று, யோசித்து, நகர்ந்தது.
ஒன்று போய்ச் சேர்ந்தது.

எருமை எல்லைக்கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
பதினெட்டாவது வீட்டில் கதவு பூட்டியிருந்தது.